ஏரிக்கரை இடத்துக்காரர்

ஆம்லெட் சட்டியின் நடுவில் நிற்க மாட்டேன் என்றது.

ஆர்லீன் முட்டையை நடுவில்தான் ஊற்றினார். அது நிதானமாக நகர்ந்து, இடது ஓரத்தில் போய்க் குவிந்து, அங்கேயே கொழுக்கட்டை போல வெந்தது.

"டெல்மர், வண்டி சாஞ்சு நிக்குது."

"வண்டியெல்லாம் நேராத்தான் நிக்குது. அடுப்புதான் கோணல்."

"அப்ப ராத்திரி பூரா நீ என் மேல உருண்டு உருண்டு வந்தியே, அதுவும் அடுப்பாலதானா?"

டெல்மர் க்ரூகர் பூட்ஸை மாட்டினார். ஷெபாய்கன் ஊரில் முப்பத்துநாலு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி, போன மாதம் ஓய்வு பெற்றவர் அவர். ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்பு கூட ஆனதில்லை. ஓய்வு பெற்ற கையோடு இந்தச் சின்னக் கேரவனை வாங்கி, "இனிமே நமக்கு ஊரெல்லாம் வீடு" என்று மனைவியை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பிவிட்டார். முதல் பயணமே, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் பயணிகள் வந்து தங்கும் பெர்ச் ஏரி முகாமுக்கு. அப்படிப்பட்டவரிடம் வண்டி கோணல் என்றால் பொறுப்பாரா?

இறங்கிப் போய்ப் பார்த்தார். வண்டி கோணல்தான்.

அங்கிருந்த ஒரு கொட்டகையின் ஓரம் கிடந்த பலகையை எடுத்து, இடது பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, வண்டியை மெல்ல அதன் மேல் ஏற்றினார். ஏறியது. ஒரு கணம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பலகை 'பட்' என்று இரண்டாக முறிந்தது. சக்கரம் மணலில் இறங்கியது. விடுவாரா டெல்மர்? ஆக்ஸிலேட்டரை ஓர் அழுத்து அழுத்தினார். சக்கரம் நாய் எலும்பு தோண்டுவது போல மணலை வாரி இறைத்து, அச்சு வரைக்கும் புதைந்தது.

ஆர்லீன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "இப்ப முட்டை பின்பக்கமா போகும்."

ஏரிக்கரையில் செல்போனில் சிக்னல் எடுக்காது. இழுவை வண்டியைக் கூப்பிட டெல்மர் தார்ச்சாலை வரை நடந்தார். அங்கும் எடுக்காமல், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இன்னும் ஒரு மைல் நடந்தார். ஒரு வழியாக இணைப்பு கிடைத்தது.

"திங்கட்கிழமை மத்தியானம் வரேன்" என்றது மறுமுனைக் குரல்.

"இன்னிக்குச் சனிக்கிழமைதானே?"

"அதனாலதான் சொல்றேன். சனி, ஞாயிறுல நாங்க மீனைத்தான் இழுப்போம்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் எதிரே இருந்ததை டெல்மர் பார்த்தார். பெரிய அறிவிப்புப் பலகை. எண் போட்ட மரக் கம்பங்கள். கம்பத்துக்கு ஒரு கூடாரம், கூடாரத்துக்கு நாலு பிள்ளைகள். பலகையில் கொட்டை எழுத்தில்: பெர்ச் ஏரி முகாம்.

டெல்மர் அதை இரண்டு முறை படித்தார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்த ஆர்லீன், "யாரு செத்துட்டாங்க?" என்றார்.

"இன்னும் யாரும் இல்ல. ஆர்லீன், முகாம் இங்க இல்ல. ஒரு மைல் தள்ளி இருக்கு."

"அப்ப இது?"

"யாரோ ஒருத்தரோட சொந்த இடம்."

இரண்டு பேரும் மெல்லத் திரும்பினார்கள். புல்வெளியின் மறுகோடியில் இன்னொரு சின்னக் கேரவன் நின்றது. அதன் முன்னால், மடக்கு நாற்காலியில், வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் உட்கார்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. நேற்று சாயங்காலம் இந்தக் கேரவனைப் பார்த்துத்தான் இவர்கள் வண்டியை உள்ளே விட்டார்கள். அடிபம்பு இருந்தது, நெருப்புக்குழி இருந்தது, மரமேசையும் குழிக் கழிப்பறையும் படகுத்துறையும் இருந்தன. முகாமுக்கு வேறு என்ன வேண்டும்?

"டெல்மர்," என்றார் ஆர்லீன் மெதுவாக, "நேத்து நீ அவர்கிட்டப் போய் என்னமோ பேசினியே. என்ன பேசின?"

டெல்மர் தொண்டையைச் செருமினார். "கழிப்பறையில காகிதம் இல்லன்னு சொன்னேன்."

"எப்படிச் சொன்ன?"

"'இதைக் கூடவா கவனிக்க மாட்டீங்க? நாலு பேர் வந்து போற இடம்'னு சொன்னேன். முகாமைப் பார்த்துக்கற ஆளுன்னு நினைச்சேன்."

"அடக் கடவுளே. அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஓடிப் போய் ஒரு சுருள் கொண்டாந்து மாட்டினாரு."

ஆர்லீன் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய விறகை எடுத்து எரித்தாயிற்று. அவருடைய பலகையை உடைத்தாயிற்று. அவருடைய புல்தரையில் குழி தோண்டியாயிற்று. அவருடைய கழிப்பறையைப் பற்றி அவரிடமே அதட்டல் வேறு.

"போய் உண்மையைச் சொல்லிடு."

"சொல்றேன். எரிச்ச விறகைத் திருப்பி வெச்சுட்டுச் சொல்றேன். வெறுங்கையோட போனா நல்லா இருக்காது."

கொட்டகைக்குப் பின்னால் பிளக்காத மரத்துண்டுகள் குவிந்து கிடந்தன. கோடரியும் அங்கேயே சாய்ந்து நின்றது. டெல்மர் பிளக்க ஆரம்பித்தார். எரித்தது பத்துத் துண்டு. பிளந்ததோ ஒரு வண்டிப் பாரம். நிமிர்ந்து பார்த்தால், தாடிக்காரர் நாற்காலியில் இல்லை. கையில் வாருகோலுடன் மேசையைச் சுற்றி விழுந்திருந்த பைன் மரத்து ஊசி இலைகளை வேகவேகமாக வாரிக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா?" என்றார் டெல்மர் மூச்சிரைக்க. "நம்மளைச் சும்மா விட்டுட்டு அந்த மனுஷன் எவ்வளவு கௌரவமா நடந்துக்கறாரு. நம்ம போட்ட குப்பையை அவர் வாரறாரு."

"பைன் ஊசி நாம போட்டதா?"

"வாயை மூடு. போய்க் கழிப்பறையைக் கழுவு."

ஆர்லீன் கழுவினார். கூரை மூலையில் இருந்த சிலந்தி கூட வீடு மாற்றிக்கொண்டது. வெளியே வந்தால், தாடிக்காரரின் மனைவி வாணலியோடு நின்றார். அதில் சூடாக ப்ளூபெர்ரி கேக்.

"என் பேரு ஃபிலிஸ். அவர் வென்டல். உங்களுக்காகத்தான் செஞ்சேன்" என்றார். வாணலியை இரண்டு கையாலும் நீட்டினார். "ஏதாவது தப்பா இருந்தா மனசுல வெச்சுக்காதீங்க."

"ஐயோ, நீங்க போய் இதைச் சொல்லலாமா?" என்று ஆர்லீன் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கேக் டெல்மருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அதாவது இறங்கியது, மூன்று துண்டு இறங்கியது, ஆனால் மனச்சாட்சியோடு சேர்ந்து இறங்கியது. "கேக்குக்குப் பதில் மரியாதை பண்ணாம உண்மையைச் சொல்ல முடியாது" என்றார். "அந்த அடிபம்பு கிறீச் கிறீச்னு கத்துது பாரு, அதுக்கு ஒரு வாஷர் போட்டுட்டுச் சொல்லிடறேன்."

பம்பைப் பிரித்தார். பேருந்தை அக்கு அக்காகப் பிரித்துப் போட்டவருக்குப் பம்பு எம்மாத்திரம்? மேல்மூடி வந்தது, கைப்பிடி வந்தது, பிறகு உள்ளேயிருந்த கம்பி அவர் கையிலிருந்து வழுக்கி, குழாய்க்குள் சத்தமாக இறங்கிக் காணாமல் போனது.

இதுவரை கத்தவாவது கத்திய பம்பு இப்போது ஊமையானது.

டெல்மர் குழாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. வென்டல். கையில் தூண்டில் நரம்பும் பெரிய கொக்கியும். முழங்காலிட்டு, கொக்கியை உள்ளே விட்டார். இருவருமாக மூன்று மணி நேரம் மீன் பிடிப்பது போலக் கம்பியைப் பிடித்தார்கள். டெல்மர் தன் இடுப்பிலிருந்த தோல் பெல்ட்டை அறுத்து வாஷர் செய்தார். சாயங்காலம் பம்பு சத்தமே இல்லாமல் பளிங்கு மாதிரித் தண்ணீர் கொட்டியது.

"இனி பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல" என்றார் டெல்மர், ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு. "உங்களுக்குத் திருப்திதானே?"

"உங்களுக்குத் திருப்தின்னா எனக்குத் திருப்தி" என்றார் வென்டல்.

எவ்வளவு பெரிய மனசு!

ஞாயிற்றுக்கிழமை காலை, டெல்மர் உண்மையைச் சொல்லத்தான் எழுந்தார். ஆனால் வென்டல் அதற்குள் எழுந்து, கேரவன் தோண்டிய பள்ளத்தைச் சுற்றி மணலைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். வண்டி இன்னும் அதற்குள்தான் இருந்தது. புதைந்த வண்டியைச் சுற்றி அழகாக ஒரு பாத்தி கட்டியது போல இருந்தது.

"இனிமே இந்த மனுஷன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று டெல்மர் தலையில் கை வைத்தார். பிறகு படகுத்துறை கண்ணில் பட்டது. நாலு பலகை காணோம். நேரே வென்டலிடம் போனார். "கொட்டகையில பலகை, ஆணி, பெயின்ட் எல்லாம் வரிசையா இருக்கு. எடுத்துக்கலாமா?"

வென்டல் துள்ளி எழுந்தார். "தாராளமா! என்னைப் போய்க் கேக்கறீங்களே! நானும் வரேன்!"

ஒரு பக்கம் டெல்மர் ஆணி அடித்தார். மறுபக்கம் வென்டல் அதைவிட வேகமாக அடித்தார். டெல்மர் இடப்பக்கம் பச்சை பெயின்ட் அடித்தால், வென்டல் வலப்பக்கம் இரண்டு பூச்சு அடித்தார். அதைப் பார்த்து டெல்மர் இடப்பக்கத்துக்கு மூன்றாவது பூச்சு கொடுத்தார். பெண்கள் இருவரும் மேசையைத் தேய்த்து எண்ணெய் பூசினார்கள். நெருப்புக்குழிக்குப் புதுக் கற்கள் அடுக்கினார்கள். ஃபிலிஸ் கழிப்பறைக்குத் திரை தைத்தார். மாலை ஆறு மணிக்கு அந்த இடம் காலண்டர் படம் மாதிரி இருந்தது. நாலு பேரும் கந்தல் மாதிரி இருந்தார்கள்.

"இப்ப சொல்ற. இல்லன்னா நான் சொல்றேன்" என்றார் ஆர்லீன்.

பீர் ஊற்றி வேகவைத்த சாசேஜ்களை நெருப்பில் வாட்டி, தட்டு நிறைய எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். வென்டல் அவசரமாக எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். டெல்மர் உட்காரவில்லை. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கால்சட்டை.

"வென்டல், நாங்க உங்களை ஏமாத்திட்டோம். இது முகாம்னு நினைச்சு வந்தோம். உங்க இடம்னு நேத்துதான் தெரிஞ்சுது. உங்க விறகை எரிச்சேன், உங்க பலகையை உடைச்சேன், உங்களையே அதட்டினேன். வண்டி புதையலன்னா அப்பவே போயிருப்போம். மன்னிச்சுக்குங்க."

வென்டலின் கையிலிருந்த முள்கரண்டி கீழே விழுந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார்.

"எங்க இடமா?" என்றார் ஃபிலிஸ். "இது உங்க இடம் இல்லையா?"

"எங்களோடதா?"

"நாங்களும் முகாம்னுதான் வியாழக்கிழமை வந்தோம்! வெள்ளிக்கிழமைதான் விஷயம் தெரிஞ்சுது. கிளம்பலாம்னா பாட்டரி செத்துப் போச்சு. அன்னிக்குச் சாயங்காலமே நீங்க வந்து கழிப்பறையைப் பத்தி ஒரு சத்தம் போட்டீங்க பாருங்க, 'நாலு பேர் வந்து போற இடம்'னு. இடத்துக்காரர் வந்துட்டார்னு இவர் நடுங்கிப் போயிட்டாரு!"

"எங்ககிட்ட இருந்த கடைசிச் சுருள் அது" என்றார் வென்டல். "நீங்க விறகு பிளந்ததைப் பார்த்து, எங்களைக் குத்திக் காட்டறீங்கன்னு நினைச்சேன். பலகை எடுத்துக்கலாமான்னு கேட்டீங்களே, அப்ப எனக்கு உயிரே போச்சு. எனக்குப் பரீட்சை வெக்கறீங்கன்னு நினைச்சேன்."

முதலில் ஆர்லீனுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு ஃபிலிஸுக்கு. வென்டல் தாடி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். டெல்மர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அளவாகச் சிரித்தார்.

திடீரென்று அவர் சிரிப்பு நின்றது. "அப்ப இது யார் இடம்?"

ஏரியில் மோட்டார் சத்தம் கேட்டது.

எதிர்க்கரையிலிருந்து ஓர் அலுமினியப் படகு நேராக இந்தத் துறையை நோக்கி வந்தது. அதில் எழுபது வயது அம்மாள் ஒருவர், ரப்பர் பூட்சும் மீன்பிடித் தொப்பியுமாக. துறையில் கயிற்றைக் கட்டினார். கையில் ஒட்டிய பச்சை பெயின்டைப் பார்த்தார். கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

நாலு பேரும் பள்ளிப் பிள்ளைகள் போல வரிசையில் நின்றார்கள்.

"நான் வெர்னா" என்றார் அந்த அம்மாள். "இது என் இடம்."

அவ்வளவுதான், நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். வழி தவறியது, பாட்டரி, மணல், விறகு, உடைந்த பலகை, குழாய்க்குள் போன கம்பி என்று ஒன்று விடாமல் கொட்டினார்கள். வெர்னா நேரே பம்படிக்குப் போனார். பம்பை இரண்டு அடி அடித்துப் பார்த்தார். விறகு அடுக்கைத் தட்டிப் பார்த்தார். கழிப்பறைக் கதவைத் திறந்து, திரையை இழுத்துப் பார்த்து, மூடினார். பிறகு மேசையில் வந்து உட்கார்ந்து, டெல்மரின் தட்டிலிருந்து ஒரு சாசேஜை எடுத்துக் கடித்தார்.

"எங்களை மன்னிச்சுடுங்கம்மா" என்றார் டெல்மர். "நாளைக்கு மத்தியானம் இழுவை வண்டி வந்ததும் நாலு பேரும் கிளம்பிடுவோம்."

வெர்னா நிதானமாக மென்று விழுங்கினார்.

"நாளைக்கேவா? போன வருஷம் வழி தவறி வந்தவங்க கொட்டகைக் கூரையையே முழுசா மாத்திக் கொடுத்துட்டுத்தான் போனாங்க!"