ஸ்டிக்கர் அக்காவுக்கு விழுந்த ஓட்டு

"காலேஜ் வரைக்கும் படிச்சிட்டு, ஓட்டைக் கொண்டுபோய் பாலாத்துல போடறேங்கிறியே" என்றார் அப்பா. "மிதந்து போவுறதுக்கு அதுல தண்ணிகூட இல்ல."

அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய், காலேஜும் போய், பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் நான் எதைச் செய்தாலும், "இதுக்குத்தான் படிச்சியா" என்று கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. அன்று நான் செய்த குற்றம், நகராட்சித் தேர்தலில் ஸ்டிக்கர் அக்காவுக்கு ஓட்டுப் போடப்போவதாகச் சொன்னது.

ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை உள்ள ஷூ கம்பெனி அத்தனையிலும் தேடினாலும், ஸ்டிக்கர் அக்காவைப் போல் குறை கண்டுபிடிக்கிற கண் இன்னொன்று கிடைக்காது. ஆறு நாளில் உலகத்தைப் படைத்த கடவுள் அதை அக்காவிடம் காட்டியிருந்தால், ஏழாவது நாள் அவருக்கு ஓய்வு கிடைத்திருக்காது என்று எங்கள் தெரு சர்ச்சுக்காரர்களே சொல்வார்கள்.

நான் கணக்குப் பிரிவில் சேர்ந்த கம்பெனியில் அக்கா செக்கிங் மேஜையில் இருந்தார். தைத்து வரும் ஷூவைப் புரட்டிப் பார்ப்பார். தையல் விலகியிருந்தால், பசை வழிந்திருந்தால், தோலில் கீறல் இருந்தால், அந்த இடத்தைக் காட்டி சிவப்பாக ஒரு குட்டி அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஷூ திரும்பிப் போய்விடும். எல்லாக் கம்பெனியிலும் இதுதான் முறை. மற்றவர்கள் ஸ்டிக்கர் சுருளை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அக்கா ஒரு சுருளை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். அதுதான் வித்தியாசம்.

கேன்டீன் இட்லியில் கருகல் இருந்தால் அம்பு. தங்கச்சி மகளுக்கு வந்த மாப்பிள்ளை போட்டோவில் இடது தோளில் அம்பு. "ஒரு பக்கம் எறங்கியிருக்கு, இன்னான்னு கேளுங்க" என்றார். கேட்டார்கள். கிரிக்கெட்டில் எலும்பு முறிந்து சரியாகச் சேராத தோள். கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த மாப்பிள்ளை இன்றுவரை அக்காவைக் கண்டால் நேராக நிமிர்ந்துதான் நிற்பார்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற துரை வந்தார். மேனேஜர் பயபக்தியோடு ஒவ்வொரு மேஜையாகக் காட்டிக்கொண்டு வந்தார். அக்கா குனிந்து, துரை காலில் போட்டிருந்த ஷூவின் குதிகாலில் ஒரு அம்பை ஒட்டிவிட்டார். தையல் பிரிந்திருந்தது. மேனேஜருக்கு வேர்த்தது. துரை சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். அக்கா உள்பக்கம் இருந்த நம்பரைப் படித்துவிட்டு மேனேஜரிடம் சொன்னார்: "நம்ம பீஸ்தான் சார். நான் லீவுல இருந்தப்ப பாஸ் ஆயிருக்கு."

இப்படிப்பட்டவர் தேர்தலில் நின்றதற்குக் காரணம் தண்ணீர்.

எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை நகராட்சித் தண்ணீர் வரும். காலை பத்து மணிக்கு வரும். எட்டு மணிக்கே தெருப் பெண்கள் எல்லோரையும் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போய்விடும். யார் பிடிப்பது? வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும். நானும் போட்டேன். ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடந்த நாட்களில் நான் குடத்தின் பக்கத்தில் இருந்தேன். பிறகு நானாக உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். எல்லோராலும் அப்படி முடியாது. என்னோடு குழாயடியில் நின்ற நாலு பேரில் மூன்று பேர் பத்தாவது தாண்டவில்லை. தேர்தல் வந்த வருஷம் குழாயடியில் நின்றது என் தங்கை ரேவதி. அவளுக்கு அப்போது பத்தாம் வகுப்பு.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. இரண்டு பெரிய கட்சிகளும் தங்கள் ஆட்களின் மனைவிமாரை நிறுத்தின. முதலில் ஓட்டுக் கேட்டு வந்த கணவர் வெள்ளைச் சட்டையில் வந்து கும்பிட்டார். மனைவி பின்னால் நின்றார்.

"தண்ணி காலைல ஆறு மணிக்கு வரணும்" என்றார் அக்கா.

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா."

"எத்தினி மணிக்குப் பாப்பீங்க?"

"மொதல்ல ஜெயிக்கலாம்மா, அப்புறம் பேசிக்கலாம்."

"ஒங்கள கேக்கல. நிக்கிறது அவங்கதான? நீ சொல்லும்மா, எத்தினி மணிக்கு?"

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். அக்கா இடுப்புச் சுருளை எடுத்து, வெள்ளைச் சட்டைப் பையில் இருந்த பிரியாணிக் கறையின் மேல் ஒரு அம்பை ஒட்டி அனுப்பிவைத்தார். மறுநாள் வந்த அடுத்த கட்சிக்காரர், விஷயம் கேள்விப்பட்டு, சுத்தமான சட்டையோடு வந்தார். ஆனால் அவரும் பாத்துக்கலாம் என்றார். அதற்கடுத்த நாள் அக்கா லீவு போட்டு, சுயேச்சையாக மனு கொடுத்துவிட்டு வந்தார்.

சின்னம் சீப்பு. காகிதத்தில் இருந்த படத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஒரு பல்லு கம்மி" என்று அதிகாரியிடம் சொன்னாராம். அவர், "இருக்கிறத வச்சி வாருங்கம்மா" என்றாராம்.

அப்பாவின் பயம் சும்மா வந்ததில்லை. "பூத்துல யாருக்கு எத்தினின்னு மறுநாளே தெரிஞ்சிடும். நம்ம தெரு அந்தம்மாவுக்குப் போட்டுச்சுன்னா, ஜெயிச்சவன் நம்மள அஞ்சு வருஷம் ஓரங்கட்டிடுவான். இப்ப நாலு நாளைக்காவது வருது தண்ணி. ஜெயிக்கிற பக்கம் நில்லு."

மதியச் சாப்பாட்டில் அக்காவிடமே கேட்டுவிட்டேன். "க்கா, நீங்க ஜெயிக்க மாட்டீங்க. ஒங்களுக்குப் போட்டா ஓட்டு வேஸ்ட்டுன்றாரு எங்கப்பா."

"சரியாத்தான் சொல்றாரு, ஜெயிக்க மாட்டேன்" என்றார், மீன்முள்ளை எடுத்துக்கொண்டே. "ஏ காலேஜு, நான் டெய்லி பீஸ் தள்றேனே, அது வேஸ்ட்டா?"

"வேஸ்ட்டுதானே."

"போடி. அது ரிப்போர்ட்ல ஏறுது. சாயந்தரம் மீட்டிங் போட்டு ஏன் இத்தினி பீஸுன்னு கேக்கறாங்க. மறுநாளு தைக்கிறவ ஒழுங்கா தைக்கிறா. ரெண்டு பீஸு வருது, ரெண்டுலயும் தப்பு. சூப்பர்வைசர் இன்னா சொல்றான்? 'ரெண்டுல எது பரவால்லியோ அத்த பாஸ் பண்ணுக்கா'ன்றான். பண்ணிட்டா, நாளைக்கும் அதே மாதிரிதான் தச்சி அனுப்புவாங்க. அதான்டி வேஸ்ட்டு."

அன்றே முடிவு செய்துவிட்டேன். அப்பாவிடம், "உங்க ஓட்டு உங்களுது, என் ஓட்டு என்னுது" என்றேன். அதோடு நிற்காமல் கம்பெனி பஸ்ஸில் எழுந்து நின்று அக்காவுக்கு ஓட்டும் கேட்டேன். என் குரல் டிரைவர் வரைக்கும் போனது என்று பிறகு சொன்னார்கள்.

கெடுத்தது அச்சகம். அக்காவின் நோட்டீஸில் மை வழிந்து சீப்பின் பல் இரண்டு ஒட்டிக்கொண்டது. திருப்பி அடிக்க நேரமில்லை. "தப்பு இருக்கிற பீஸை குறி போடாம வெளிய விடமாட்டேன்" என்று, ஒவ்வொரு நோட்டீஸிலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பை ஒட்டினார். நானும் ரேவதியும் சேர்ந்து உட்கார்ந்து ஒட்டினோம். மூன்று பேரில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

ஓட்டுப்பதிவு அன்று மதியம் உறைத்தது. பக்கத்து வீட்டு ஆயா வெளியே வந்து, "இன்னாடி இது, மெஷின்ல அம்பே இல்ல. மேலயும் கீழயும் தேடிட்டு, பக்கத்துல இருந்ததுல அமுக்கிட்டு வந்தேன்" என்றார். அவருக்குப் பின்னால் வந்த இருவரும் அதையே சொன்னார்கள். மெஷினில் இருந்த பெயரும் உதவவில்லை. ஸ்டிக்கர் அக்காவின் நிஜப் பெயர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் வாசலுக்கு வெளியே எல்லைக் கோடு வரை ஓடி, வருகிறவர்களிடமெல்லாம் "சீப்பு, சீப்பு" என்று கத்தினேன். போலீஸ்காரர் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

அக்கா யாரையும் திட்டவில்லை. "அச்சடிச்சவன் தப்ப மட்டும் பாத்தேன். ஒட்டின தப்ப நானே பாஸ் பண்ணிட்டேன்" என்றார்.

மூன்றாவதாகத்தான் வந்தார். ஆனால் முதல் இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தைப்போல் மூன்று மடங்கு ஓட்டு அக்காவிடம் இருந்தது. அப்பா பயந்தபடியே எந்தத் தெருவில் எவ்வளவு என்று மறுநாளே கணக்குப் போட்டார்கள். போட்டுவிட்டு ஓரங்கட்டவில்லை, அந்த ஓட்டைத் தேடி நேராக அக்காவிடம் வந்தார்கள். தோற்றவர் காலையில் வந்தார். ஜெயித்த கவுன்சிலர் மதியம் வந்தார். இந்த முறை கணவர் பின்னால் நின்றார். அந்த அம்மாதான் பேசினார்.

"எத்தினி மணிக்குக்கா வேணும்?"

"ஆறு."

அந்த மாதக் கடைசியில் ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. குடங்களை நிரப்பிவிட்டுப் பெண்கள் வேலைக்குப் போனார்கள், ரேவதி பள்ளிக்கூடம் போனாள். பத்தாவது பாஸ் செய்து, இப்போது காட்பாடியில் நர்சிங் படிக்கிறாள். அக்கா எதிரே வந்தால் அப்பா சைக்கிளை விட்டு இறங்கி நடப்பார்.

அக்கா வேலையை விட்டுவிட்டு மகனோடு சத்துவாச்சாரிக்குப் போய்விட்டார். முழங்கால் வலி. அவர் போன பிறகு ஆறு மணி ஏழாகி, எட்டாகி, இப்போது ஒன்பதரையில் நிற்கிறது. போன வாரம் எதிர்வீட்டு எட்டாம் வகுப்புப் பெண் சீருடையோடு குழாயடியில் நிற்பதைப் பார்த்தேன்.

மறுபடி தேர்தல் வந்திருக்கிறது. மறுபடி இரண்டு கட்சி. ஓட்டு வேஸ்ட் என்று இந்த முறை என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். சொல்லட்டும். திங்கட்கிழமை மனு கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். நேற்று வேலைக்குப் போகும் முன் பதினோரு வீடு ஏறி இறங்கினேன்.

அக்கா இப்போது சத்துவாச்சாரி வாக்காளர், எனக்கு ஓட்டுப் போட முடியாது. இருந்தாலும் என்னோடு ஓட்டுக் கேட்க ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிறேன் என்கிறார். "முட்டி வலிக்கும், வராதீங்கக்கா" என்றேன். "வலிச்சா எனக்குத்தான வலிக்கும், நீ ஏன் பேஜார் பண்ற" என்று போனை வைத்துவிட்டார். எட்டு மணிக்கு ஆம்பூர் பஸ் நிலையத்துக்கு ஒரு ஆட்டோ சொல்லிவிட்டேன், ஏறுகிற படி தாழ்வாக இருப்பதாகப் பார்த்து.