டத்தோவின் பத்தியம்

கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம் கழித்து லோகேஸ்வரன் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டுக்கு அடித்த சாயம், மகள் எடுத்த படிப்பு, வாங்கிய நாலு சக்கரக் காடி எல்லாவற்றிலும் மனைவி சந்திரமதி சொன்னதே நடந்தாகிவிட்டது. போகட்டும். பூனை விஷயத்திலாவது இந்த வீட்டில் தன் பேச்சு எடுபட வேண்டும்.

பூனையின் பெயர் டத்தோ. அரசாங்கம் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் அந்தப் பட்டத்தை நடையைப் பார்த்து வைத்தார்கள். வயிறு முன்னே வரும், டத்தோ பின்னே வருவார். போன மாதம் அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. மணல் தட்டில் ஏறி உட்காருவார், முக்குவார், ஒரு சொட்டு வராது. சிகாமட் டவுனில் மிருக டாக்டரம்மா குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். ஒரு பை சாப்பாட்டைக் கையில் கொடுத்து, இனி இதுவும் தண்ணீரும் மட்டும்தான், வேறு எதுவும் வாயில் படக்கூடாது, மறுபடி அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, ஒரு மறுபரிசோதனைத் தேதியும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் லோகேஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பூனைக்கு என்ன மதி பத்தியம்? நான் பொறந்த தோட்டத்து லயத்துல இருபது பூன இருந்துச்சு. ஒண்ணாச்சும் டாக்டர பாத்துச்சா?"

"அந்த இருபதும் எப்படிச் செத்துச்சுன்னு நீங்க பாத்தீங்களா?"

"சாப்பாடு விக்கறதுக்கு அப்படித்தான் சொல்லுவாங்க லா."

"அப்ப குழாய் விட்டது யாரு? சாப்பாடு விக்கறவங்களா?"

"நான் முடிவு பண்ணிட்டேன். பாதி இது, பாதி மீனு."

"சரிங்க. முடிவு உங்ககிட்டயே இருக்கட்டும். பை என்கிட்ட இருக்கட்டும்."

பை அலமாரிக்குள் போனது. சாவி சந்திரமதியின் கைப்பைக்குள் போனது. லோகேஸ்வரன் வேலைக்குப் போனார்.

அவர் செம்பனை எண்ணெய் ஆலையில் சூப்பர்வைசர். அங்கே நாற்பது பேர் அவர் சொல் கேட்பார்கள். வீட்டில் கேட்பது டத்தோ ஒருவர்தான். காலையில் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் வைத்த நாசி லெமாக் பொட்டலத்தோடு அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்தால், டத்தோ எங்கிருந்தாலும் வந்து காலோடு சாய்ந்துகொள்வார். பொட்டலத்தில் இருக்கும் நெத்திலியில் பாதி டத்தோவுக்கு. இது பல வருஷத்து ஒப்பந்தம்.

பத்தியம் தொடங்கிய பிறகும் டத்தோ வந்தார். எதிரே உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை லோகேஸ்வரன் இரண்டு நாள் தாங்கினார். மூன்றாம் நாள் ஒரு நெத்திலி கொடுத்தார். ஒரு நெத்திலியில் என்ன வந்துவிடப் போகிறது? மறுநாள் நான்கு. அதற்கும் மறுநாள் கெம்போங் மீனின் வால். மீனைக் கண்டவர் டாக்டர் சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. தட்டில் மிஞ்சினால் சந்திரமதி கண்டுபிடித்துவிடுவாரே. அதை லோகேஸ்வரன் அள்ளிக் கால்வாயில் கொட்டினார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்பார்கள். இங்கே கண்ணை மூடிக்கொண்டது பூனை இல்லை.

சனிக்கிழமை காலை சந்திரமதி பின்கட்டிலிருந்து கூப்பிட்டார்.

"என்னங்க, இங்க வாங்களேன். மணல் தட்டப் பாத்தீங்களா? காஞ்சு கிடக்கு."

லோகேஸ்வரன் எட்டிப் பார்த்தார். மணல் ஒரு பொட்டு ஈரமில்லாமல் கிடந்தது. டத்தோ நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறாரா, மயங்கிவிட்டாரா என்று தொட்டுப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"டாக்டர் கொடுத்தத மட்டுமே தின்னுங்கூட இப்படி ஆயிடுச்சு பாருங்க," என்றார் சந்திரமதி. "அப்ப சாப்பாட்டுல சரியாகல. இனிமே வெட்டித்தான் வழி பண்ணணும்."

"எங்க வெட்டி?"

"எங்க அடச்சிருக்கோ அங்க."

லோகேஸ்வரன் தன்னையறியாமல் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

காடியை அவர் ஓட்ட, டத்தோ கூடையோடு சந்திரமதியின் மடியில் இருந்தார். வழி முழுக்க லோகேஸ்வரன் வாயைத் திறந்தார், மூடினார். சொன்னால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் தன் பொய்க்கு அந்த வாயில்லா ஜீவன் கத்திக்குப் போகும். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு பூனைக்கு முன்னால் இப்படித் தலைகுனிய வேண்டி வந்ததே என்று வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

செம்பனைக் காட்டு ஓரத்தில் முனியாண்டி கோயில் வந்தது.

"காடிய நிறுத்துங்க. முனியாண்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்."

சந்திரமதி கூடையோடு இறங்கி, கைப்பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து முனியாண்டி முன்னால் ஏற்றினார். மிருக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எதற்குக் கற்பூரம் கொண்டுவந்தார் என்று லோகேஸ்வரனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"டாக்டர் கொடுத்தத தவிர நாங்க வேற ஒண்ணும் கொடுக்கல, நீதான் காப்பாத்தணும்னு கற்பூரத்துல அடிச்சுச் சொல்லுங்க. நீங்கதானே குடும்பத் தலைவர்."

இருபத்து நான்கு வருஷத்தில் அந்தப் பட்டம் இன்றுதான் கிடைத்தது. அதுவும் இங்கே. லோகேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். முறுக்கு மீசை, உருட்டி வைத்த கண், ஓங்கிய அரிவாள். டாக்டரிடம் பொய் சொல்லலாம். மனைவியிடம் சொல்லியே பழக்கம். முனியாண்டியிடம் பொய்ச் சத்தியம் பண்ணியவன் குடும்பம் விளங்கியதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. கை எழவில்லை.

"மதி, ஒரு நெத்திலி."

"என்ன நெத்திலி?"

"கொடுத்தேன்."

சந்திரமதி இன்னொரு கற்பூரத்தைப் போட்டார். கற்பூரம் எரிந்தது. அந்தச் சுடர் அடுத்ததைப் பிடித்து இழுத்தது.

"ஒண்ணு இல்ல. தினமும். சம்பல கழுவிட்டுத்தான் கொடுத்தேன்."

"அப்புறம்?"

"கெம்போங் வாலு. செவ்வாக்கிழம சார்டின் மீனு."

"அப்புறம்?"

"டாக்டர் சாப்பாட்ட கால்வாயில கொட்டினேன்."

"அப்புறம்?"

பூனைக் கதை முடிந்துவிட்டது. ஆனால் முனியாண்டி இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் பிரஷர் இருக்காம். உப்பு ஆகாதுன்னு கிளினிக்ல சொல்லி ஆறு மாசமாச்சு. மாத்திரைய காடியில ஒளிச்சு வச்சிருக்கேன்." குரல் உடைந்தது. "அது என் பக்கத்துல வந்து உக்காரணும்னுதான் கொடுத்தேன் மதி. அத நானே கொன்னுட்டேன் போல."

அழுதேவிட்டார். சந்திரமதி திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினார். கூடைக்குள் கைவிட்டு டத்தோவுக்கும் கொஞ்சம் பூசினார்.

ஆஸ்பத்திரியில் கூடையைத் திறக்கும் முன்பே லோகேஸ்வரன் மலாய் மொழியில் கெஞ்ச ஆரம்பித்தார். எல்லாத் தப்பும் தன்னுடையதுதான், வெட்ட மட்டும் வேண்டாம். காத்திருந்த நாலு பேரும் அவர்களுடைய நாய்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன வெட்டுவது?" என்றார் டாக்டரம்மா. "இன்றைக்கு மறுபரிசோதனைத் தேதி, அவ்வளவுதான்." டத்தோவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அடைப்பு இல்லை, காலையில் நன்றாகப் போயிருக்கிறது. இதுவரை அதிர்ஷ்டம், இனி மீன் பக்கமே போகக்கூடாது என்று டத்தோவை விட்டுவிட்டு லோகேஸ்வரனைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் லோகேஸ்வரன் மெதுவாகக் கேட்டார். "தட்டு காஞ்சு கிடந்துச்சே?"

"காலையில மணல மாத்தினேன். புது மணல் காஞ்சுதான் இருக்கும்."

"அப்ப உனக்கு முன்னமே எல்லாம் தெரியும்."

சந்திரமதி கூடையைக் காடியில் ஏற்றினார். முன்னிருக்கைப் பெட்டியைத் திறந்து மாத்திரையைத் தேடி எடுத்தார்.

"படியில ஒரு நெத்திலித் தல கிடந்துச்சுங்க. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். மிச்சமெல்லாம் இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும்."