ஆரத்தித் தட்டில் பற்பசை

கூச்ச சுபாவம் உள்ளவர்களை இந்த உலகம் அப்பாவிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. வாயைத் திறக்காதவன் வம்புக்குப் போகமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. வம்பு செய்ய வாய் எதற்கு? ஒரு செல்போனும் கொஞ்சம் மஞ்சள்தூளும் போதும். அதற்கு நானே சாட்சி.

இண்டூரில் ஒரு மாவு மில்லில் வேலை செய்கிறேன். மிஷின் ஓடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால்தான் நான் அந்த வேலைக்குப் போனேன் என்பாள் என் மனைவி மல்லிகா. பொய்யில்லை. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. பேச்சு அதற்கு முன்பே நின்றுவிட்டது. காரணம் என் பல். சின்ன வயதில் குடித்த போர் தண்ணீரின் புண்ணியத்தில் முன்பற்களெல்லாம் காவி ஏறி, துருப்பிடித்த தகரம் மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் பலருக்கு இப்படித்தான். முகாமுக்கு வந்த பல் டாக்டர், தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால் வந்த கறை, தேய்த்தாலும் போகாது என்று சொல்லிவிட்டார். (போகாது என்று சொல்வதற்கு டோக்கன் கொடுத்து வரிசையில் வேறு நிற்க வைத்தார்கள்.) அன்றிலிருந்து உதட்டை மூடிக்கொண்டுதான் சிரிப்பேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் என்னைப் பார்ப்பவர்கள், பாவம், மாப்பிள்ளைக்கு வயிற்றுவலி போல என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

மகள் பவித்ராவுக்கு அந்தக் கறை இல்லை. அவள் குழந்தையாக இருக்கும்போது மல்லிகா போர் தண்ணீரைக் கண்ணில் காட்டாமல், தூரத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து கொடுத்தாள். பவித்ராவைப் பெண் பார்க்கத்தான் கடத்தூரிலிருந்து வந்தார்கள். பையன் ஓசூரில் கம்பெனி வேலை. பையனுக்கும் பிடித்தது, இவளுக்கும் பிடித்தது. பையனின் அம்மாதான் சரியாக முகம் கொடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. வந்ததிலிருந்து போகும்வரை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இது பரம்பரைக் கறை, நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வரும் என்று நினைத்து சம்பந்தத்தை விட்டுவிடுவாரோ என்று எனக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று விடியற்காலை பல் விளக்கும்போது பேஸ்ட் டியூபில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். ஃப்ளோரைடு. என் பல்லைக் கெடுத்த அதே ஆசாமி! அந்தக் காலத்தில் பூமிக்குள்ளிருந்து இலவசமாக வந்தவன், இப்போது புதினா வாசனையோடு கடையில் உட்கார்ந்திருக்கிறான். இவ்வளவு பெரிய விஷயத்தை இந்த நாட்டில் யாருமே கவனிக்கவில்லையே என்று என் அறிவைக் கண்டு நானே அசந்துபோனேன்.

செல்போனில் தேடினால் ஒருவர் தயாராகக் காத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். பின்னால் ஒரு பீரோவும் காயப்போட்ட துண்டும் தெரிந்தன. (கோட்டைப் பார்த்த நான் துண்டைப் பார்க்கவில்லை.) அகலமான தட்டில் மஞ்சள் தண்ணீர் வைத்து, பேஸ்ட்டைக் கரைத்து, கெமிக்கலை 'எழுப்பிவிட' ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட வேண்டும்; சிவந்தால் அந்த பேஸ்ட் விஷம் என்றார்.

முந்தின நாளே உறவுக்காரர்கள் வந்து இறங்கிவிட்டதால் வீட்டில் ஒரு பாத்திரம் சும்மா இல்லை. சாமி அலமாரியில் பித்தளைத் தட்டு ஒன்றுதான் கிடைத்தது. என் அக்கா சரோஜாவின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனேன். தண்ணீர் விட்டு, மஞ்சள் போட்டு, பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்கிக் கலக்கி, சுண்ணாம்பைப் போட்டதுதான் தாமதம், ரத்தமாகச் சிவந்துவிட்டது. எத்தனையோ கல்யாணத்தில் ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது எங்கள் வீட்டு மாட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும். விஞ்ஞானியாகிவிட்ட எனக்கு மட்டும் மறந்துபோனது.

விருந்தாளிகளைக் காப்பாற்ற வேண்டுமே. அத்தனை பேர் முன்னால் நின்று சொல்லக் கூச்சம். அதனால் வீட்டிலிருந்த பேஸ்ட், வந்தவர்கள் பையில் இருந்த பேஸ்ட் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் பொறுக்கிக் குப்பைக்குழியில் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சொந்தபந்தமெல்லாம் பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு குழாயடியில் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உப்பை வைத்துத் தேய்த்தார்கள். நான் மூடிய உதட்டோடு சிரித்துக்கொண்டு காபி கொடுத்தேன்.

மல்லிகாவிடம் காட்டலாம் என்று தட்டைப் புழக்கடை ஜன்னல் மேடையில் வைத்திருந்தேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டு வேன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஆரத்தி கரைக்கவில்லையே என்று பதறி ஓடிய அக்கா, ஜன்னலில் சிவப்பாக ஒரு தட்டு தயாராக இருப்பதைப் பார்த்தாள். யாரோ புண்ணியவதி கரைத்து வைத்திருக்கிறாள் என்று வாழ்த்திக்கொண்டே, வெற்றிலை போட்டுக் கற்பூரம் ஏற்றி, வாசலுக்கு வந்துவிட்டாள்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அப்போதுதான் தட்டு கண்ணில் பட்டது. 'அக்கா, நில்லு' என்று சொன்னால் முடிந்தது. வாயை ஆவென்று திறந்தேன். சத்தம் வரவில்லை. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்துப் பளிச்சென்று ஒரு படம் எடுத்தார். அக்கா தட்டைச் சுற்றி, தொட்டு, மாப்பிள்ளை நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். பக்கத்தில் நின்ற அவர் அம்மாவுக்கும் ஒன்று.

அந்த அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "என்னாங்க இது, சில்லுன்னு இருக்குது. பச்சக் கற்பூரமா?"

"ஆமாங்க. எங்க வூட்ல எப்பவும் அப்டித்தான்" என்றாள் அக்கா, கொஞ்சமும் யோசிக்காமல்.

வெயிலில் மாப்பிள்ளைக்கு வியர்த்தது. கைக்குட்டையால் துடைத்தார். நெற்றியில் நுரை வந்தது. இன்னும் துடைத்தார், இன்னும் வந்தது. வாசல் முழுக்கப் புதினா வாசனை. மல்லிகா தட்டைக் குனிந்து முகர்ந்தாள். காணாமல் போன பேஸ்ட்டெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து, அத்தனை கூட்டத்திலும் சரியாக என்னைக் கண்டுபிடித்து, "ஏங்க" என்றாள். அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது.

மாப்பிள்ளையின் மாமா, முதல் ஆரத்தியே இப்படியா, சகுனம் சரியில்லையே என்று முனகினார். கதவோரம் புதுப் புடவையில் நின்ற பவித்ராவின் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வாய் திறந்துகொண்டது.

"அதுல பேஸ்ட்டு இருக்குதுங்க. நான்தான் டெஸ்ட்டு பண்ணேன்."

திறந்த வாய் அதோடு நிற்கவில்லை. வெள்ளைக் கோட்டு, சுண்ணாம்பு, குப்பைக்குழி, மாப்பிள்ளையின் அம்மா என் பல்லைப் பார்த்தது, பேரப்பிள்ளை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பல வருஷப் பேச்சு ஒரே மூச்சில்.

"மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டா செவக்காம பச்சையாவா ஆவும்?" என்றாள் மல்லிகா. குழாயடியில் உப்பு போட்டுத் தேய்த்தவர்கள் எல்லாரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா வாயை மூடியிருந்த முந்தானையை விட்டுவிட்டுச் சிரித்தார். அடக்க முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய முன்பற்களும் என்னுடையவை போலவே அச்சு அசலாகக் காவி ஏறியிருந்தன.

"நானும் போர் தண்ணி குடிச்சு வளந்தவதாங்க. அன்னிக்கு உங்க பல்லப் பாத்ததும், நம்மாளு ஒருத்தரு இருக்காரு, இந்த வூட்ல நாம தைரியமா சிரிக்கலாம்னு நெனச்சேன். நீங்கதான் கடைசிவரைக்கும் சிரிக்கவே இல்ல."

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. சாப்பிடும்போது பவித்ரா என் இலைக்குப் பக்கத்தில் வந்து, "தண்ணிய குடம் குடமா குடிச்சீங்க, கற வந்துச்சு. பேஸ்ட்ட துப்பிடறோமேப்பா" என்றாள். அந்தச் சின்ன வித்தியாசத்தை வெள்ளைக் கோட்டுக்காரர் சொல்லவில்லை. இப்போதும் வீட்டில் அதே பேஸ்ட்தான். நிச்சயதார்த்த ஆல்பத்தின் முதல் பக்கத்தில், என் அத்தனை பற்களும் தெரிய நான் ஆவென்று நிற்கிற படம் இருக்கிறது. மகிழ்ச்சியில் சிரிக்கிறார் என்று தெரியாதவர்கள் சொல்கிறார்கள்.

அதன் பிறகு கல்யாணம், வளைகாப்பு, பேரனுக்குப் பேர் வைத்தது என்று எத்தனையோ விசேஷம் வந்துவிட்டது. கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் சம்பந்தியம்மா கையை நீட்டித் தடுத்து, "இருங்க, மொதல்ல எங்க சம்பந்தி மோந்து பாக்கட்டும்" என்பார். யாராவது தட்டைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டுவார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். நான் முகர்ந்து பார்த்து, சரி என்று தலையை ஆட்டுவேன். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் ஆரத்தி.