எண்ணெய் குடிக்கும் ஹோமம்

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் எங்கள் ஊர் தெப்ராவில் ஒரு கடைவீட்டு முன்னால் நூறு பேர். கையில் அர்ச்சனைத் தட்டு இல்லை. பொரித்து மிஞ்சிய பழைய எண்ணெய்! டின், போத்தல், பெயிண்ட் வாளி. குடும்ப தோஷமெல்லாம் சட்டி எண்ணெயில்தான் இறங்குகிறதாம். திரைக்குப் பின்னால் ஹோமத்தில் அதை எரித்தால் தீர்ந்ததாம். எண்ணெய்ச் சித்தர் சொல்லிவிட்டார். காசு வாங்க மாட்டார். அதனால் நம் ஆட்களுக்கு நம்பிக்கை இரட்டிப்பு.

என் பக்கத்து வீட்டுக் காளியம்மா வடைக்கடைக்காரி. மகள் தேன்மொழிக்குத் திங்கட்கிழமை செனாய் விமான நிலையத்தில் நேர்முகத் தேர்வு, விமானம் பழுதுபார்க்கும் பயிற்சிக்கு. "ஒன்பது டின் எரியிற வரைக்கும் பொண்ணு ஹோமத்துக்கு வர்றதத் தவிர வாசல் தாண்டக் கூடாது" என்று சித்தர் உத்தரவு. வாரத்துக்கு ஒரு டின். ஆறுதான் ஆகியிருந்தது.

நான் பழைய எண்ணெய்க் கிடங்கில் டிரம் உருட்டுகிறவன். அந்த எண்ணெயைச் சுத்தம் பண்ணி விமான எரிபொருள் ஆக்குகிறார்கள். விமானமும் பெருகணும், லாபமும் பெருகணும், புகை மட்டும் குறையணும் என்று உலகம் பூரா கம்பெனிகள் அலைகின்றன. அதுவும் ஒரு வேண்டுதல்தான், விடுங்கள். போன வாரம் வந்த லோட்டில் காளியம்மாவின் டின், மூடியில் அவர் பூசிய சிவப்புச் சாயத்தோடு.

"எரிஞ்சுபோன எண்ணெய் எங்க கிடங்குக்கு எப்படிம்மா வந்துச்சு?"

"சிவப்புச் சாயம் எனக்கு மட்டும்தான் விக்கிறானா? போங்கண்ணே!"

தேன்மொழி மட்டும் கேட்டாள்: "மாமா, எந்த எண்ணெயை நீங்க வாங்க மாட்டீங்க?"

"தண்ணி கலந்தது. கண்ணாடிக் குழாய் விட்டுப் பாப்போம். அடியில தண்ணி நின்னா மொத்த லோட்டும் திரும்பிடும்."

ஏழாவது டின்னில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே எண்ணெயை விட்டு மூடினாள். அம்மாவுக்குத் தெரியாது.

அன்று டின்னைத் தூக்கிக்கொண்டு நானும் அவர்களோடு போனேன். சித்தர் கண்ணை மூடி தியானத்தில் இருந்தார். சீடன் தீபன் டின்னுக்குள் கண்ணாடிக் குழாயை விட்டான். தோஷம் அளக்கும் கருவியாம். தூக்கிப் பார்த்தவன் முகம் கறுத்தது.

"அலாமாக்! சாமி, பாதி தண்ணி! லோரிக்காரன் மொத்தத்தையும் திருப்பிடுவான் லா!"

தியானம் பட்டென்று கலைந்தது.

"எந்த லோரி?" கேட்டது தேன்மொழி இல்லை, காளியம்மா.

"அது... தேவலோக வாகனம்மா" என்றார் சித்தர்.

"தேவலோகத்துல டீசல் லோரியா ஓடுது?" என்றேன்.

தேன்மொழி திரையை இழுத்தாள். ஹோமகுண்டத்தில் ஒரு பூனை, நாலு குட்டிகளோடு சுகமாகப் படுத்திருந்தது. சுற்றிலும் எங்கள் கிடங்கு முத்திரை ஒட்டிய டிரம்கள்.

சித்தர் பின்வாசலைத் தேடினார். கூட்டத்தில் ஒருவர், "அம்மன் பூனையா வந்திருக்கா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு பேர் விழுந்தே கும்பிட்டார்கள். பூனை எழுந்து வேறு இடம் போனது. அதற்காவது வெட்கம் இருந்தது.

காளியம்மா தன் டின்னைத் தூக்கிக்கொண்டார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழமை போட்டுட்டுப் போற சட்டைய தேய்ச்சுட்டியாடி? நட, வீட்டுக்கு."

அழுக்கு எண்ணெயில் விமானம் பறக்குமா என்று யோசித்தவன் மனுஷன். ஒரு தடவைகூட உபயோகிக்காத மூளையைச் சாமியார் காலில் வைக்கிறவனும் மனுஷன்தான். யோசிங்கய்யா. அதுக்கு எண்ணெய்கூட வேண்டாம்.