சம்பந்தியின் எடை

"இறங்குங்க! தொப்பியோட தராசுல ஏறினா கணக்கு தப்பா வரும்!"

"தொப்பி என்னடி, பத்து கிலோவா?"

"கழட்டிட்டு ஏறுங்கன்னா ஏறுங்க! நூத்துப் பதினாலு! ஐயோ, என் பொண்ணு கல்யாணம் போச்சு!"

ராபிகாவின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. நாங்கள் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. எங்கள் ஷிம்கென்ட் ஊரில் மே மாத வெயிலில் யார் ஜன்னலைச் சாத்துகிறார்கள்?

விஷயம் இதுதான். ராபிகாவின் மகள் மெருயெர்த்தைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையின் தாய் கான்ஷாயிம், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "சம்பந்தி எத்தனை கிலோ இருப்பாரு?" என்று ராபிகாவின் காதில் கேட்டிருக்கிறாள். "பாத்துச் சொல்றேன்" என்று ராபிகா மழுப்பிவிட்டாள். வேறு யாராவது கேட்டிருந்தால் போகட்டும். கான்ஷாயிம் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"நர்ஸ் எடை கேட்டா என்ன அர்த்தம்? வியாதிக்காரக் குடும்பமான்னு துருவறா!"

"எனக்கு என்னடி வியாதி?" என்றார் அவள் புருஷன் எர்மெக். மாவு மில்லில் மூட்டை சுமப்பவர். தோளுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டு பாட்டுப் பாடியபடி நடப்பார். தும்மல் தவிர வேறு நோய் அவரிடம் யாரும் கண்டதில்லை.

"எடைதான் வியாதி. நிச்சயத்துக்குள்ள இளைக்கணும்."

அன்றிலிருந்து அவருக்கு வேகவைத்த முட்டைக்கோஸ். காலையில் முட்டைக்கோஸ் ஊறிய தண்ணீர். குதிரைக் கறி வாசனை வந்தால் ராபிகா எழுந்து கதவைச் சாத்தினாள்.

எடை இறங்கியது. கூடவே கன்னமும் இறங்கியது. மில்லில் பாட்டு நின்றது. பிறகு மூட்டையும் நின்றது. மேஸ்திரி அவரை வாசலில் உட்காரவைத்து, வண்டிகளை எண்ணச் சொன்னார்.

தெரு சும்மா இருக்குமா? முதல் வீட்டில் சர்க்கரை என்றார்கள். மூன்றாம் வீட்டுக்குப் போவதற்குள் அது ஈரல் ஆயிற்று. ஐந்தாம் வீட்டில், "பாவம், பொண்ணு கல்யாணத்தைப் பாத்துட்டாவது..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கான்ஷாயிமின் ஆஸ்பத்திரிக்குப் பால் போடுகிறவளும் எங்கள் தெருதான்.

மறுநாளே மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன்: "சம்பந்திக்கு ஏதோ உடம்புக்குன்னு காதுல விழுந்துச்சு. இருந்தா இருக்கட்டும், தப்பில்ல. ஆனா மறைக்கிற வீட்டுல மட்டும் எங்களால சம்பந்தம் வச்சுக்க முடியாது."

மெருயெர்த் அழுதாள். "அம்மா, அப்பாவுக்குச் சோறு போடு!"

"நாளைக்கு நிச்சயம். ஒரு ராத்திரியில உடம்பு ஏத்த முடியுமாடி?"

முடியாதுதான். அதனால் ராபிகா, கோட்டுக்கு அடியில் கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிட்டாள். வெளிறிய கன்னத்தில் பீட்ரூட் தேய்த்தாள். தூரத்தில் பார்த்தால் பழைய எர்மெக்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே தேநீர் கொதிக்கிறது. கம்பளிக்குள் எர்மெக் வேகிறார். செம்மறியின் வால்கொழுப்பும் ஈரலும் தட்டில் வந்தன. அதைச் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஊட்டினால்தான் நிச்சயம்.

மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு கவளம் எடுத்து நீட்டினார். எர்மெக் வாயைத் திறந்தார். நெற்றியில் துளிர்த்த வியர்வை கன்னத்தில் இறங்கிச் சிவப்பாகச் சட்டைக் காலரில் சொட்டியது.

"ரத்தம்!" கான்ஷாயிம் பாய்ந்து வந்தாள். கோட்டைப் பிரித்தாள். ஒரு கம்பளி. அதற்குள் இன்னொன்று. அதற்குள் மற்றொன்று. வெங்காயம் உரிப்பது போல உரிக்க உரிக்கச் சம்பந்தி குறைந்துகொண்டே போனார். கடைசியில் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டு விரலை முகர்ந்தாள்.

"பீட்ரூட்டு! என்ன சம்பந்தி இது?"

"பசி, சம்பந்தியம்மா," என்றார் எர்மெக் ஈனஸ்வரத்தில். "நீங்க எடை கேட்டீங்களாம். நான் குண்டு, அதனால வியாதிக்காரன்னு நினைச்சுடுவீங்கன்னு..."

"குண்டா இருந்தா வியாதியா? எடைய வச்சு ஆரோக்கியம் தெரியும்னா நாங்க எதுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறோம்? வாசல்ல ஒரு தராசை வச்சுட்டு வீட்டுக்குப் போயிடலாமே! போன மாசம் மூட்டையோட பாடிக்கிட்டுப் போனீங்க, நானே பாத்தேன். இப்ப கை நடுங்குது. எது வியாதி?"

"அப்ப எதுக்கு எடை கேட்டீங்க?" என்றாள் ராபிகா, உரித்துப் போட்ட கம்பளிகளை அள்ளிக்கொண்டே.

கான்ஷாயிம் பதில் சொல்வதற்குள், மூலையில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அவள் தங்கை ஒரிங்குல் எழுந்தாள். தையல்காரி. மூட்டையிலிருந்து நீலவெல்வெட் அங்கி ஒன்றை உதறி எர்மெக்கின் தோளில் போர்த்தினாள். அதற்குள் இன்னும் ஒரு எர்மெக்குக்கு இடம் இருந்தது.

"சம்பந்திக்குப் போர்த்தற அங்கிக்கு எவ்வளவு துணி எடுக்கணும்னு நான்தான் கேக்கச் சொன்னேன்க்கா. நீங்க சொல்லவே இல்ல, எங்க அக்கா போன மாசம் பாத்த உடம்புக்குத் தச்சுட்டேன்."

சபை சிரித்து ஓய்வதற்குள் எர்மெக் வால்கொழுப்புத் தட்டைக் காலி செய்துவிட்டார். நிச்சயம் அப்படித்தான் முடிந்தது.

செப்டம்பரில் கல்யாணம். அங்கி அவருக்கு அளவெடுத்தது போல் பொருந்தியது. மில்லில் பாட்டும் திரும்பிவிட்டது. மெருயெர்த் புருஷனோடு அக்தோபே நகரத்துக்குக் குடிபோய்விட்டாள். ஒரிங்குல் எங்கள் தெருவிலேயே பேக்கரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டாள். பேச்சு நடந்தபோது அவரிடம் எடை கேட்டாளாம். மனிதர் கல்யாணம் வரை முட்டைக்கோஸ்தான்.