மூன்றாம் முறை கேட்காமல் விட்டது

அன்புள்ள கரின் அக்காவுக்கு,

ஒன்பது ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இனி முடியாது. இங்கே நான் முதுகைத் தவிர மற்றபடி சௌக்கியம். நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று நமது லூத்தரன் சபையின் சம்பிரதாயப்படி வேண்டிக்கொள்கிறேன். கார்மைன் அத்தானும் நன்றாக இருக்கட்டும். அது சம்பிரதாயத்துக்காக மட்டும்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கார்டு வந்ததே, அது பேச்சில்லையா என்று கேட்பாய். அச்சடித்த வாழ்த்தும் அதன் கீழே அச்சடித்த பெயரும் பேச்சாகாது. சண்டையை மரியாதையாக நடத்துகிறோம் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். அத்தான் ஊரான நியூ ஜெர்சியில் சண்டை என்றால் கத்துவார்களாம். நம் மினசோட்டாவில் கார்டு அனுப்புவோம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டு கடைசியில் மாநிலக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பொரித்த சீஸைக் காகிதத் தொன்னையில் வாங்கிக்கொண்டு, வெண்ணெய்ப் பாளத்தில் ஒரு பெண்ணின் தலையைச் செதுக்குவதைப் பார்க்க வரிசையில் நின்றால், எனக்கு முன்னால் நிற்கிறார் எங்கள் பழைய தலைமையாசிரியர். ஆயுசெல்லாம் பூகோளம் நடத்தியவன் நான் இருக்க, துறைத் தலைவர் பதவியைத் தூக்கிக் கூடைப்பந்துப் பயிற்சியாளரிடம் கொடுத்த புண்ணியவான். கனடா எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்தப் பயிற்சியாளருக்கு இன்றுவரை தெரியாது. இந்த மனிதரிடம் சிரித்துப் பேச வேண்டிவருமே என்று பக்கத்துக் கூடத்துக்குள் நழுவினேன். அது மாநில அரசின் கூடமாக இருந்தது. கேட்பாரில்லாமல் கிடக்கும் பணத்தையெல்லாம் அரசு வாங்கி வைத்திருக்கிறதாம், பேரைச் சொன்னால் தேடித் தருகிறார்களாம். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் கையைப் பிடிக்காத குறையாக உட்காரவைத்துவிட்டாள்.

“பேரச் சொல்லுங்க சார், ஒரு நிமிஷத்துல பாத்துரலாம்.”

“என் பேர்ல ஒண்ணும் இருக்காதும்மா. எனக்குன்னு யாரும் எதையும் விட்டு வச்சதில்ல.”

அவள் தட்டிப் பார்த்தாள். “ஆமா சார், ஒண்ணுமில்ல. கரெக்டாத்தான் சொல்றீங்க.”

இதைச் சிரித்த முகத்தோடு சொன்னாள். இவளையும் நான் மறக்கமாட்டேன்.

“வீட்ல வேற யாராச்சும் பேர்ல பாக்கவா சார்? அப்பா, அம்மா?”

எல்மர் ஹௌகன் என்றேன். அக்கா, அப்பா இருந்தார். செத்து ஒன்பது வருஷமானவர், நம் ஏரி வீட்டு முகவரியோடு, மாவட்ட வரி அலுவலகத்திலிருந்து வந்த தொகை என்று, கண்காட்சிக் கூடத்துத் திரையில் உட்கார்ந்திருந்தார். தொகை இருக்க வேண்டிய இடத்தில் ‘நூறு டாலருக்கு மேல்’ என்று மட்டும் போட்டிருந்தது.

“மேலன்னா எவ்ளோ மேல?”

“அத இங்க காட்டாது சார். நூத்தி ஒண்ணாவும் இருக்கலாம், லட்சமாவும் இருக்கலாம். நீங்க புள்ளையா?”

“பின்ன?”

“ஒரே புள்ளையா?”

இல்லை என்று உண்மையைச் சொன்னேன். நான் வளர்ந்த விதம் அப்படி. அதற்குப் பலன், எல்லா வாரிசுகளும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் வேண்டும் என்று ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினாள்.

“அக்கா கிட்ட பேசி வாங்கிருவீங்கல்ல சார்?”

“கிறிஸ்துமஸுக்குக் கார்டு அனுப்புவோம்.”

“ஓ” என்றாள். அவளும் இந்த ஊர்க்காரிதான், உடனே புரிந்துகொண்டாள்.

அப்பாவின் பணம் எப்படி அங்கே போய் உட்கார்ந்தது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே மாவட்ட வரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இன்னும் பெவ்தான் இருக்கிறாள், அம்மாவோடு தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த அதே பெவ். பேச்சை எடுப்பதற்கு முன்னால் காபி வந்தது.

“காபி குடிக்கிறியா லோவெல்?”

“வேண்டாம் பெவ், இருக்கட்டும்.”

“ஒரு வாய் குடியேன்.”

“இப்பத்தான் வீட்ல குடிச்சேன்.”

“போட்டு வச்சிட்டேன்ப்பா, பாதி கப்பாச்சும் குடி.”

“சரி, வீணாப் போகக் கூடாதுன்னு குடிக்கிறேன்.”

முழுக் கப் ஊற்றினாள், முழுதும் குடித்தேன். இதை ஏன் உனக்கு விரிவாக எழுதுகிறேன் என்றால், நீ மறந்துவிட்டாய். நாகரிகமான ஜனங்கள் இப்படித்தான் ஒன்றைக் கொடுப்பார்கள், இப்படித்தான் வாங்குவார்கள். முதல் முறை வேண்டாம் என்பது பண்பு. இரண்டாம் முறை வேண்டாம் என்பது நல்ல வளர்ப்பு. மூன்றாம் முறை கேட்கும்போதுதான் நிஜமாகவே கேட்கிறார்கள் என்று பொருள், அப்போது வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் கையை நீட்டுகிறவன் ஒன்று பசியால் சாகிறவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அத்தானாக இருக்க வேண்டும்.

பெவ் சொன்னதைக் கேள். அப்பா ஏரி வீட்டுக்கு வரியை ஒரு வருஷம் கூடுதலாகக் கட்டிவிட்டார். திருப்பித் தருகிறோம் என்று மாவட்டம் எழுதியிருக்கிறது. ‘உங்கள் அன்புக்கு நன்றி, எனக்கு அவசியமில்லை, ரோட்டுக்குச் சரளை போட்டுக்கொள்ளுங்கள்’ என்று அப்பா பதில் போட்டிருக்கிறார். மறுபடியும் எழுதியிருக்கிறார்கள். ‘என்னைவிடத் தேவைப்படுகிறவர்கள் இருப்பார்கள்’ என்று மறுபடியும் அப்பா.

“ரெண்டாவது லெட்டர் வந்தப்பவே எனக்குப் புரிஞ்சுது” என்றாள் பெவ். “மனுஷன் மூணாவது தடவ கேக்கணும்னு காத்திருக்காரு. நான் மேல போய்ச் சொன்னேன், இன்னொரு தடவ எழுதுங்க, வாங்கிப்பாருன்னு. ரெண்டு நோட்டீஸ்தான் குடுக்கலாம், மூணாவதுக்கு விதியில இடமில்லன்னுட்டாங்க. அந்த ஆபீசர் அரிசோனாக்காரரு, நம்மூரு வழக்கம் தெரியாது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, உங்கப்பா ரெண்டு தடவ இங்க வந்து ஜன்னல் ஓரமா நின்னாரு. மழையப் பத்திப் பேசினாரு. எனக்கு ஏதாச்சும் லெட்டர் இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னேன். சரி சரின்னு போயிட்டாரு. அடுத்த குளிர்காலத்துல போய்ச் சேந்துட்டாரு. பணம் மாநிலத்துக்குப் போயிருச்சு.”

நான் அலுவலகத்தை விட்டு வெளியே வந்து காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஜன்னலோரம் நின்றதை நினைத்து அல்ல. எனக்கு நடந்ததும் அட்சரம் பிசகாமல் இதேதான் என்று அப்போதுதான் உறைத்தது.

அப்பாவின் அடக்கத்தன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், ஹாம் சாண்ட்விச் தட்டும் கையுமாக நீ என்னிடம் வந்தாய். “ஏரி வீட்ட நீ எடுத்துக்கறியாடா லோவெல்?” என்றாய். “இல்லக்கா, நீயே வச்சுக்கோ” என்றேன். காபி எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, “நெஜமாத்தான் சொல்றியா?” என்றாய். “எனக்கென்னக்கா, நான் பாத்துப்பேன்” என்றேன். இதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. நீ வாயைத் திறந்தாய், அக்கா. நான் பார்த்தேன். மூன்றாவது உன் உதட்டு நுனியில் இருந்தது. அப்போது கார்மைன் அத்தான் நடுவில் புகுந்து, “அதான் வேணாங்கிறான்ல, விடு கரின், சும்மா சும்மா கேட்டு அவன எதுக்கு நோகடிக்கிற?” என்று என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். முதுகு வலி அன்றைக்கு ஆரம்பித்தது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை.

வீட்டை உன் பேருக்கு எழுதிய பத்திரத்தில் நானும்தானே கையெழுத்துப் போட்டேன் என்பாய். போட்டேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு மெதுவாகப் போட்டேன் என்று பார்த்தாயா? முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் நடுவே யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள் என்று நிமிர்ந்துகூடப் பார்த்தேன். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். நீ ஜன்னலைப் பார்த்தாய். அத்தான் வாசலில் நின்று ஏரிக்கரையில் பீட்சா அடுப்பு கட்ட எத்தனை செங்கல் பிடிக்கும் என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா மீன் சுத்தம் செய்த இடத்தில் இன்று அந்த அடுப்பு நிற்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்காதே. அந்த வழியாகத்தான் நான் போகிறேன். அந்த ரோடு வேறெங்கும் போகாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே, விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறு புள்ளி வைத்திருக்கிறேன். போடு என்று நான் சொல்லவில்லை. சொல்லமாட்டேன். போட்டால்தான் அப்பா பணம் வெளியே வரும், போடாவிட்டால் மாநிலம் உலகம் முடியும்வரை பத்திரமாக வைத்திருக்கும், அவசரமே இல்லை. அது லட்சமாக இருந்தால் உன் பங்கை வைத்து இன்னொரு அடுப்பு கட்டிக்கொள்ளுங்கள். எனக்குப் பணம் பெரிதில்லை. இந்தக் குடும்பத்தில் ஒரு மனிதனை இரண்டு முறை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் என்பதை யாராவது எழுத்தில் வைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். நம் உறவு இத்தோடு முடிந்தது என்று நீ எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்குக் கர்த்தர் நீண்ட ஆயுளும் நல்ல நினைவாற்றலும் தருவாராக. அத்தானுக்குப் பொதுவான வணக்கம்.

பின்குறிப்பு: தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது உன் கவர் வந்தது. பெவ் உனக்குப் போன் செய்தாளாமே. அதே விண்ணப்பத்தை நீயே வரவழைத்து அனுப்பியிருக்கிறாய், நோட்டரி முத்திரையோடு உன் கையெழுத்து சரியான இடத்தில் இருக்கிறது. ஆகவே மேலே விண்ணப்பம் பற்றி எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உறவு முடிந்தது பற்றி எழுதியதையும்.

ஆனால் கூடவே வைத்த சீட்டில், ‘லோவெல், கார்மைனுக்கு முட்டி போய்விட்டது, ஏரிக்குப் படி இறங்க முடியவில்லை, வீட்டை நீ எடுத்துக்கொள்கிறாயா?’ என்று எழுதியிருக்கிறாயே, அதை ஐந்தாறு தடவை படித்தேன். இது அன்றைக்கு விட்டுப்போன மூன்றாவதா, அல்லது புதிதாக ஆரம்பிக்கும் முதலாவதா? மூன்றாவது என்றால் சரி என்று சொல்லிவிட்டு இன்றே போய் அந்த அடுப்பை இடிக்கலாம். ஒன்பது வருஷ இடைவெளியில் கணக்கு அழிந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது என்றால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். பெவ்விடம் கேட்டேன். அவளும் காபியை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்துவிட்டு, “பத்திரமா முதல்னே வச்சுக்கோ, அதான் மரியாதை” என்றாள்.

எனவே இல்லை அக்கா, எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இது முதலாவது. இன்னும் இரண்டு முறை கேள், கொஞ்சம் சீக்கிரம் கேள், கேட்கும்போது அத்தானை அறையில் வைத்துக்கொள்ளாதே. ஒருவேளை நீ கேட்காமல் விட்டுவிட்டால், ஏரி வீட்டை வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் கையெழுத்திட்ட சான்று எதுவும் உலகத்தில் இருக்கக் கூடாது. ஒருமுறை கையெழுத்துப் போட்டுப் பட்டது போதும். இந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமலேதான் தபாலில் சேர்க்கிறேன்.