நாணை முறுக்க அனுமதி கோரி

உலகில் அமைதியை நிலைநாட்டக் கூடிய கூட்டங்கள் ஏராளம். நிலைநாட்டியே விட்ட கூட்டம் ஒன்றே ஒன்று. அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, ஓர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. குழுவினர் மூவர். மூவருக்கும் தேநீர் வந்தது. விண்ணப்பதாரருக்கு நாற்காலி வரவில்லை.

விண்ணப்பதாரர் அந்த அலுவலகத்தின் தட்டச்சர். பதினாறு ஆண்டுகளாக அங்கே வேலை. மதிய இடைவேளையில் பின்சுவரோரம் நின்று அம்பு விடுவாள். வில் அவளுடையதல்ல. நுனிகள் இரண்டும் முன்பக்கம் வளைந்த அந்தப் போட்டி வில், பணியாளர் மன்றத்துக்குச் சொந்தம். பொருட்பதிவேட்டில் கேரம் பலகைக்கும் ஓடாத மேசை விசிறிக்கும் நடுவில், எண் நாற்பத்தேழு. சனிக்கிழமை வட்டார அணிக்கான தேர்வு. முன்பு இரண்டு தடவை ஒற்றைப் புள்ளியில் கை நழுவியது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். அவளுக்கு முப்பத்தைந்து முடிய இரண்டு மாதம்.

வில்லில் ஒரு குறை. புது நாண் தொய்ந்துவிட்டது. நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி அரைவிரல் குறைந்து, ஒவ்வொரு அம்புக்கும் 'தடங்' என்றது. அதிர்வு மணிக்கட்டில் ஏறி முழங்கையில் போய் உட்கார்ந்தது. அம்பு வாலாட்டிக்கொண்டு போனது. மருந்து அவளுக்குத் தெரியும்: நாணைக் கழற்றிப் பன்னிரண்டு சுற்று முறுக்கித் திரும்ப மாட்ட வேண்டும். முறுக்க முறுக்க நாண் குறுகும், இடைவெளி கூடும், சத்தம் அடங்கும். நாணில் மேலும் கீழும் கம்பளி நூலில் ஒவ்வொரு குஞ்சம் கட்டினால் மிச்சமும் அடங்கும். ஐந்து நிமிட வேலை.

"ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு, முறுக்கிட்டுப் போயேன்டி" என்றாள் அக்கா, துணி மடித்துக்கொண்டே.

"பதிவேட்டுல இருக்கற பொருளை மாத்தி அமைக்க அனுமதி வேணும்க்கா."

"அப்போ உங்க ஆபீஸ்ல தும்மல் வந்தா யாருகிட்ட கேப்பீங்க?"

அதற்கும் ஒரு படிவம் இருந்தது.

ஆகவே முறைப்படி விண்ணப்பித்தாள். மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணெதிரே கிடக்கும் தீர்வைக் கண்டு மயங்கிவிடுகிற சாதாரண மனிதர் அல்லர் அவர். சிக்கலை ஆராயாமல் தீர்த்துவிடுவது அவசரக்குடுக்கைகளின் வேலை என்று சொல்லி, 'வில் ஒலி மற்றும் அதிர்வுத் தணிப்பு ஆய்வுக் குழு'வை அமைத்தார். தலைவர், தாமே. பொருள் தம் பொறுப்பில் இருப்பதால் பண்டகக் காப்பாளர் ஓர் உறுப்பினர். கைபேசியில் ஒலி அளக்கும் செயலி வைத்திருந்ததால் மின்பணியாளர் இன்னொருவர். வாழ்நாளில் வில்லைத் தொட்டவர் மூவரில் ஒருவரும் இல்லை. குழுவின் 'நடுநிலைமை' அப்படிக் காக்கப்பட்டது.

முதலில் பாதுகாப்பு பேசப்பட்டது. அம்பு கூரானது, கூட்ட அறைக்குள் கூரான பொருள் ஆகாது என்றார் பண்டகக் காப்பாளர். தவிரவும் புகார் வில்லின் மீதே ஒழிய அம்பின் மீது இல்லையே என்றார். தலைவர் அசந்துபோனார். அம்பை நீக்கிவிட்டால் வில்லின் ஓசை 'கலப்படமின்றி'க் கிடைக்குமல்லவா? விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது.

நின்றுகொண்டிருந்தவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"சார், அம்பு வைக்காம நாணை விடக் கூடாது. இழுத்த விசையெல்லாம் அம்போட வெளிய போகணும். அம்பு இல்லேன்னா அது வில்லுக்குள்ளயே திரும்பும். வில்லு உடைஞ்சுடும்."

"நீங்க விண்ணப்பதாரர்ம்மா" என்றார் தலைவர், கனிவாக. "முடிவை நீங்களே சொல்லிட்டா அப்புறம் ஆய்வு எதுக்கு?"

"முடிவு இல்ல சார். எச்சரிக்கை."

"அதுக்குத் தனியா ஒரு மனு கொடுங்க. அடுத்த கூட்டத்துல வெச்சுப் பார்ப்போம்."

எட்டி வில்லைப் பிடுங்கியிருக்கலாம். பதினாறு ஆண்டுப் பழக்கம், கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டன.

முதல் அளவீடு தலைவருடையது. காது வரை இழுக்கும் எண்ணத்தோடு தொடங்கி, மூக்குக்கு ஒரு முழம் இருக்கும்போதே விட்டுவிட்டார். செயலியில் எண்பத்தெட்டு டெசிபல். அரை இழுப்புக்கே இவ்வளவா என்று குழு கவலை கொண்டது. முழு இழுப்பையும் பார்த்துவிடுவது என்று தீர்மானித்து, ஏணி தூக்கிப் பழகிய தோள் என்பதால் மின்பணியாளரிடம் வில்லைக் கொடுத்தது. அவர் கன்னம் வரை இழுத்தார். விட்டார். நூற்றுப் பதினொன்று. வில்லின் மேல்பாதித் தகடு நீளவாக்கில் பிளந்து, ஒரு சில்லு பண்டகக் காப்பாளரின் தேநீரில் விழுந்தது.

மூன்றாம் அளவீட்டுக்கு மின்பணியாளர் என்ன பாடு பட்டும் வில்லிலிருந்து ஒரு முனகல்கூட எழவில்லை. செயலி மின்விசிறியின் சத்தத்தை மட்டும் காட்டியது.

"சுத்தமா அடங்கிடுச்சு சார்" என்றார்.

பல குழுக்கள் பல ஆண்டு உட்கார்ந்தும் எட்டாத நோக்கத்தை இந்தக் குழு ஒரே அமர்வில் எட்டியது. மூவரும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பண்டகக் காப்பாளர் பதிவேட்டில், எண் நாற்பத்தேழுக்கு எதிரே, 'ஓசையற்றது' என்று எழுதினார்.

சனிக்கிழமை தேர்வு நடந்தது. தட்டச்சர் வீட்டில் இருந்தாள். அக்கா அன்று ஒரு குத்தல்கூடப் பேசவில்லை. அதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை தேர்வாளர்களிடமிருந்து கடிதம் வந்தது: பெயர் கொடுத்த வீராங்கனை ஏன் வரவில்லை? பதிலுக்கான கருத்தைத் தலைவர் போகிற போக்கில் சொன்னார். ஆர்வக் குறைவு, உபகரணத்தைப் பேணத் தெரியாமை, இப்படி ஏதாவது. மீதியை நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அவள் உட்கார்ந்து, பார்த்ததைப் போட்டாள்.

'அம்பில்லாமல் நாணை விட்டால் வில் உடையும் என்று எங்கள் தட்டச்சர் முன்கூட்டியே சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. வில் உடைந்தது. ஆகவே அவரால் வர இயலவில்லை.'

மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று நின்றாள்.

படிக்காமல் கையெழுத்திடுகிறவர் அல்லர் தலைவர். இரண்டாவது வாக்கியத்தில் அவர் பேனா நின்றது. நெற்றி சுருங்கியது. மற்ற இருவரையும் வரச்சொன்னார். மூவரும் தாளின் மேல் குனிந்தார்கள்.

"இதுல பெரிய தப்பு ஒண்ணு இருக்கும்மா."

"எது சார்?"

"இப்படியே அனுப்பினா, குழுவுக்குள்ள ஏதோ கருத்து வேறுபாடு இருந்திருக்கும்னு நினைச்சுடுவாங்க."

உறுப்பினர்கள் ஆமோதித்தார்கள். தலைவர், 'நாங்கள்' என்பதற்கும் 'கேட்கவில்லை' என்பதற்கும் நடுவே, முத்து முத்தான கையெழுத்தில் 'ஒருமனதாக' என்று சேர்த்தார். மூவரும் கையொப்பமிட்டார்கள்.